முதுகிலே ஒரு தண்ணீர்ப் பந்தல்



தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். வாரம் முழுதும் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார்கள் என்று நினைத்தால், சிலர் விடியுமுன் எழுந்து காட்டுப் பாதையில் ஓடப் போய்விடுகிறார்கள். பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர், துணிந்தவர்கள் ஐம்பதுகூட! ஓடுவது சரி. ஆனால் "ஓடும்போது தண்ணீர் குடிக்க முதுகில் மாட்டும் பை ஒன்று வாங்க வேண்டும், நல்லது இருநூறு வெள்ளி ஆகும் அம்மா" என்று தொலைபேசியில் சொல்லும்போதுதான் வீட்டிலே பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"தண்ணீர் தூக்கவா தம்பி இருநூறு வெள்ளி?" என்று அந்தத் தாய் கேட்டால் அதில் தப்பே இல்லை. பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, ஒரு போத்தல் தேத்தண்ணீரோடு இருட்டிலே மரம் வெட்டப் போனவர் அவர். மலையேறிக் கொழுந்து பறித்த நம் இலங்கைச் சகோதரிகளும் தண்ணீருக்கென்று தனிப் பை வாங்கியதில்லை.

ஆனாலும் அந்தப் பையை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டாம், வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதலில் தண்ணீர்க் கணக்கு, பிறகுதான் பை. பையைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அது நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் பணத்தையும் முதுகையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெயிலைவிடப் பொல்லாத ஈரம்

சிங்கப்பூரின் வெப்பம் அப்படியொன்றும் உலக அதிசயமல்ல. பகலில் 31 முதல் 33 டிகிரி. நம் மதுரையும் திருச்சியும் சித்திரையில் இதைப் பார்த்துச் சிரிக்கும். பொல்லாதது காற்றிலுள்ள ஈரம். விடியற்காலையில் அது நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது. வியர்வை தோலில் வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது. அது ஆவியாகிப் போக வேண்டும். ஈரத் துணியை மழைக்காலத்தில் கொடியில் போட்டால் எப்படிக் காயாமல் தொங்குகிறதோ, அப்படித்தான் அங்கே ஓடுகிறவன் உடம்பும். வியர்வை கொட்டுகிறது, சூடு இறங்குவதில்லை. மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வியர்ப்பது அங்கே சாதாரணம்.

இது விளையாட்டுப் பேச்சல்ல. 2018 ஏப்ரலில் சிங்கப்பூர் இராணுவத்தில் ஓர் இளம் தேசிய சேவையாளர் 8 கிலோமீட்டர் வேகநடைப் பயிற்சிக்குப் பின் வெப்பத் தாக்கத்தால் விழுந்து, அம்மாத இறுதியில் உயிரிழந்தார். எட்டே கிலோமீட்டர்! முதுகில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வெப்பத் தாக்கம் வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஓடுகிறவன் பேச்சு குழறினாலோ, கால் பின்னினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். சிங்கப்பூரில் 995க்கு அழைக்க வேண்டும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைத் தலையில் ஊற்றத் தயங்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள்; புரையேறிவிடும்.

இந்தப் பை பிறந்த கதை

1988ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில், ஆகஸ்ட் மாத வெயிலில், நூறு மைல் சைக்கிள் ஓட்டம் ஒன்று. கலந்துகொள்ள வந்த மைக்கேல் ஐட்சன் என்பவர் அவசர மருத்துவ உதவியாளர். வழியில் தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்தவர், தன் தொழிலில் கைக்குப் பழகிய பொருளையே எடுத்தார். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும் பிளாஸ்டிக் பையில் தண்ணீரை நிரப்பினார். அதை ஒரு நீளக் காலுறைக்குள் செருகி, சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார். குழாயைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து, துணி உலர்த்தும் கிளிப்பால் கவ்வ வைத்தார். கையை எடுக்காமல் உறிஞ்சிக்கொண்டே மிதித்தார்! பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அதிலிருந்து 'கேமல்பேக்' என்ற பெயரில் ஒரு தொழிலே பிறந்தது. ஒட்டகத்தின் முதுகு என்று பொருள் தரும் பெயர். இன்று கடையில் தொங்கும் அத்தனை தண்ணீர்ப் பைகளுக்கும் அந்தக் காலுறைதான் பாட்டி.

சாலைக்கு வேறு, காட்டுக்கு வேறு

எம். ரமேஷன் என்ற சிங்கப்பூர் வீரரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995இல் சியாங் மாய் நகரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் அவர் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2019 வரை அசையாமல் நின்றது. மாரத்தான் ஓடுகிறவர்கள் முதுகில் தண்ணீர் சுமப்பதில்லை. சாலையோரத்தில் சில கிலோமீட்டருக்கு ஒரு மேசை போட்டுத் தண்ணீர் வைத்திருப்பார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடப்பவர்களுக்கு வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறதல்லவா, அதைப் போலத்தான்.

காட்டுக்குள் யார் பந்தல் போடுவார்கள்? அதனால் பந்தலையே முதுகில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கும் பிள்ளைக்குக் காடு தூரமே இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தட ரயிலில் ஏறினால், வண்டி மாறாமலே பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புக்கித் தீமா குன்று. உயரம் 163 மீட்டர்தான் என்றாலும் படிகள் முழங்காலைப் பதம் பார்க்கும். அதற்கு ஒரு நிலையம் முன்னால், கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்கினால் பழைய ரயில் தடம். மலாயா ரயில் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ஓடிய பாதை அது. ஜோகூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து நம் தாத்தாக்கள் மூட்டையோடு வந்திறங்கிய தடம். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு அங்கே ரயில் நின்றது. இப்போது 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசுமைப் பாதையாக இருக்கிறது. நிழல் குறைந்த இடங்கள் அதில் உண்டு. தண்ணீர் கிடைக்கும் இடங்களுக்கிடையே தூரமும் அதிகம்.

மூன்றாவது, மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காடு. சிங்கப்பூர் நகருக்குக் குடிநீர் தர 1868இல் கட்டி முடிக்கப்பட்ட முதல் நீர்த்தேக்கம் அதுவே. மரங்களின் உச்சியில் தொங்கு பாலம் வழியாகப் போய்வரும் பெரிய சுற்று சுமார் 11 கிலோமீட்டர். இடையில் வனக்காவலர் நிலையத்தில் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். நீர்த்தேக்கத்துப் பூங்காவிலும் தண்ணீர் உண்டு. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம்.

(ஒரு சின்ன இடைச்செருகல். சிங்கப்பூரின் காடுகளில் அங்கங்கே பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. 1877இல் ரப்பர்க் கன்றுகள் அங்குள்ள தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு வந்த ரிட்லி துரை மரம் சாகாமல் பட்டையைச் சீவும் முறையை அங்கேதான் கண்டார். நம் பிள்ளைகள் மூச்சு வாங்க நிற்கும்போது சாய்ந்துகொள்வது தாத்தாவின் மரமாகக்கூட இருக்கலாம்!)

தண்ணீர்க் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். கஷ்டமான கணக்கல்ல, வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தால் போதும். ஓடுவதற்கு முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. உதாரணமாக, போகும்போது 60 கிலோ. வழியில் அரை லிட்டர் குடித்தீர்கள். வந்ததும் 59 கிலோ 200 கிராம். ஆக 800 கிராமும் குடித்த அரை லிட்டரும் சேர்ந்து, மணிக்கு 1.3 லிட்டர் வியர்க்கிறது.

உடனே 1.3 லிட்டரையும் குடித்தே தீர வேண்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை குறைவதை ஆரோக்கியமானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தாகத்துக்குக் குடிப்பது நல்ல வழி. பெரும்பாலோருக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லி லிட்டர் வரை வரும். 600 என்று வைத்துக்கொள்வோம். மெக்ரிட்சியில் ஒன்றரை மணிக்கு ஒரு தரம் நிரப்ப முடியுமானால், ஒரு தடவைக்கு வேண்டியது 900 மில்லி லிட்டர். அவ்வளவுதான்! அரை லிட்டர் போத்தல் இரண்டு இருந்தால் மூன்று மணி நேர ஓட்டத்துக்கே போதும். இரண்டு லிட்டர்ப் பை வாங்கியவர், தேவையில்லாத ஒரு கிலோவை ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப் போடுகிறார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காசு கொடுத்தாலும் அது குறையாது.

ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவருக்குப் பையே வேண்டாம். கையிலே ஒரு போத்தல் போதும். இருநூறு வெள்ளி மிச்சம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதிகம் குடித்தால் நல்லதுதானே என்பவர்கள் இதைக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச்சத்து இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது. முக்கியக் காரணம், ஓடும்போதே எடை கூடுமளவுக்குக் குடித்துத் தள்ளியது. அதே ஓட்டத்தில் ஒரு பெண் அதனாலேயே இறந்தும் போனார். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று வரும் இந்த நோயைத் தண்ணீர்க் குறைவு என்று தவறாக நினைத்து மேலும் குடிக்கக் கொடுப்பார்கள், அதுதான் பயங்கரம். ஓடி முடிக்கும்போது எடை, தொடங்கியதைவிடக் கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

கூடையும் காண்டாவும்

பையின் வகைகள் நாலைந்து உண்டு. கையில் வார் வைத்துக் கட்டிக்கொள்ளும் போத்தல் ஒன்று. இடுப்புவார் ஒன்று, அது குதித்துக் குதித்து வயிற்றைக் கலக்கும், எங்களுக்கு அதன்மேல் பெரிய பிரியமில்லை. மற்ற இரண்டும்தான் பேசத் தகுந்தவை.

முதலாவது, ஐட்சன் வழி வந்தது. முதுகில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் உள்பை. அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். நிறையத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. உறிஞ்சும்போது 'கர்ர்' என்று சத்தம் வந்தால்தான் தீர்ந்தது புரியும்! நிரப்புவதற்குப் பையைக் கழற்ற வேண்டும். காற்றை விட்டு நிரப்பினால் ஓட்டம் முழுக்க 'களக் களக்' என்று ஆடும். அதற்கொரு வழி: நிரப்பி மூடியதும் உள்பையைத் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், சத்தம் நின்றுவிடும்.

இரண்டாவது, கையில்லாத சட்டை மாதிரி உடம்போடு ஒட்டி நிற்பது. வெஸ்ட் என்பார்கள். மார்பின் இரு பக்கமும் அரை லிட்டர் பிடிக்கும் மெத்தென்ற போத்தல்கள். குடிக்கக் குடிக்க அவை சுருங்கிவிடுவதால் உள்ளே தண்ணீர் ஆடாது. மிச்சம் கண்ணுக்குத் தெரியும். கழற்றாமலே நிரப்பலாம். தலையில் ஊற்றவும் சுலபம். சிங்கப்பூர் மாதிரி இடையிடையே தண்ணீர் கிடைக்கும் ஊருக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் அபிப்பிராயம். நெடுந்தூரம் தண்ணீரே கிடைக்காத மலைகளுக்கு முதல் வகை தேவைப்படும்.

இதன் நியாயம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பால் வாளி இரண்டையும் ஒரே கையில் தூக்கினால் என்ன ஆகும்? காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் வைத்தால் சமனாகிவிடுகிறது. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டுகிறவர், கூடை முதுகோடு ஒட்டியிருக்கும்படிதானே பார்த்துக்கொள்கிறார்? உடம்பைவிட்டு ஓர் அங்குலம் விலகிய சுமை அரைக் கிலோ கூடியது போல இழுக்கும் என்று மலையில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பை செய்கிறவர்கள் நெடுங்காலம் கழித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

கடையிலே குதியுங்கள்!

பெயருக்கும் நிறத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதற்குக் கொடுங்கள். ஓடும்போது போடும் பனியன்மேல் மார்பைச் சுற்றி அளவெடுத்துக்கொண்டு போங்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் வாங்குவதாயிருந்தால் ஞாயிறு மாலை வேண்டாம். நிற்கவே இடமிருக்காது, பிறகு எங்கே குதித்துப் பார்ப்பது?

ஆம், குதித்துப் பார்க்கத்தான் வேண்டும். காலிப் பை எல்லார் முதுகிலும் அழகாகத்தான் இருக்கும். போத்தலில் தண்ணீர் ஊற்றிக் கேளுங்கள், அல்லது வீட்டிலிருந்தே இரண்டு போத்தல் கொண்டுபோங்கள். மாட்டி, மார்பு வாரைப் பூட்டி, இருந்த இடத்தில் ஓடுங்கள். கையை வீசுங்கள். பை மேலும் கீழும் அடித்தால் பெரிது. மூச்சை நன்றாக இழுக்கும்போது விலா இறுகினால் சிறிது. கழுத்தெலும்பிலும் அக்குளிலும் தையல் உரசுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடையில் லேசாக உரசுவது, வியர்வை உப்பு சேர்ந்து மூன்று மணி நேரம் தேய்த்தால் புண்ணாகிவிடும். பெண்பிள்ளைகள் பெண்களுக்கென்று வெட்டிய வெஸ்டையே கேட்டு வாங்க வேண்டும். அதன் வார்கள் மார்பை அழுத்தாமல் மேலும் கீழுமாகப் போகும்.

முதுகுத் துணி வலை மாதிரி காற்றோட்டமாக இருக்க வேண்டும். தடித்த பஞ்சு வைத்தது குளிர் நாட்டுக்கு. ஈரக் காற்றில் அது கம்பளி போர்த்திய கதைதான். பொருள் வைக்க ஐந்து லிட்டர் இடம் ஒரு காலை ஓட்டத்துக்குத் தாராளம். வெளியே பிளாஸ்டிக் பை எதையும் தொங்கவிடாதீர்கள். மெக்ரிட்சிக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம், பாய்ந்து பிடுங்கிவிடும். அவற்றுக்குத் தீனி போடுவதும் அங்கே சட்டப்படி குற்றம்.

பந்தயத்துக்குப் போகிறவர்கள் விதிகளைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளையும் தொட்டு மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் ஓட்டம், 2003 முதல் நடப்பது, சுமார் 170 கிலோமீட்டர். அதில் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்ல வசதி வேண்டும், ஊதல் வேண்டும், குடிக்கச் சொந்தக் கோப்பைகூட வேண்டும். இலங்கையில் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களினூடே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் 'பெக்கோ' நடைபாதை ஒன்றை இப்போது அமைத்திருக்கிறார்கள். நம் லயங்களின் வாசல் வழியாகவே ஊர்ஊராக ஆட்கள் பை மாட்டிப் போவதை அப்பக்கத்து வாசகர்கள் பார்த்திருப்பீர்கள்.

வாங்கிய பிறகு

புதுப் பையைப் பந்தய நாளில் முதன்முதலாக மாட்டாதீர்கள். முதல் நாள் இரவு உள்பையை நிரப்பி, மூடியைக் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். ஒழுகினால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோகலாம். பிளாஸ்டிக் வாடை அடித்தால் வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள்.

குழாய் வைத்த பையில் வெறும் தண்ணீர் மட்டும்தான். சர்க்கரை கலந்தால் குழாய்க்குள் கருப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். மோர் உடம்புக்கு நல்லது என்று யாராவது அதில் ஊற்றினால், அந்தப் பையைப் பிறகு மோருக்கே எழுதி வைத்துவிட வேண்டியதுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் வேண்டும். ஒரு போத்தலில் தண்ணீரும் மற்றதில் கலவையும் வையுங்கள். ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்குக் கொடுப்போமே, அதேதான். ஓட்டம் முடிந்ததும் கழுவி, வாய் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு கரண்டிக் காம்பைச் செருகிக் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

வார் அறுந்துவிட்டதென்று உடனே புதுப் பைக்குப் போகவும் வேண்டாம். தேக்கா சந்தை மாடியிலே தையற்கடைகள் இருக்கின்றன, சில வெள்ளியில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் உள்பையை மட்டும் மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். தையல் மெஷினின் ஊசி அதில் ஒரு தரம் இறங்கினால் போதும், பிறகு அது பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் உதவும்.